வடிகட்டி எதை விடுகிறது?

மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்கள் வண்டியில் முதலில் மாற்ற நினைக்கும் பொருள்களில் ஒன்று ஏர் ஃபில்டர். கம்பெனி போட்டுத் தந்த காகித ஃபில்டரைக் கழற்றிவிட்டு, எண்ணெயில் நனைத்த பருத்தித் துணி மடிப்புகள் கொண்டதையோ, ஃபோமால் ஆனதையோ மாட்டுகிறார்கள். விற்பவர் இரண்டு வாக்குறுதிகள் தருவார். இதில் காற்று தாராளமாகப் போகும். தூசி உள்ளே போகவே போகாது.

இரண்டும் ஒருசேர எப்படி நடக்கும்? காற்று தாராளமாகப் போகும் அளவுக்கு இடைவெளி இருந்தால், தூசியும் அதே வழியில் போய்விடாதா? தூசியைத் தடுக்கும் அளவுக்கு நெருக்கமாக இருந்தால், காற்றுக்கும் அது தடைதானே? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், எந்த ஃபில்டரை வாங்குவது என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரு லிட்டருக்கு 9,000 லிட்டர்

முதலில் இன்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்று பார்ப்போம். பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடை இருக்கும். அதை எரிக்கச் சுமார் 11 கிலோ காற்று தேவை. கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.2 கிலோ. ஆக, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று.

சென்னையிலிருந்து லடாக் போய்த் திரும்ப 6,000 கிலோமீட்டருக்குக் குறையாது. வண்டி லிட்டருக்கு 25 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், 240 லிட்டர் பெட்ரோல் செலவாகும். அந்த ஒரே பயணத்தில் இன்ஜின் இழுக்கும் காற்று 20 லட்சம் லிட்டருக்கும் மேல். நெடுஞ்சாலையில் லாரிகள் கிளப்பும் புழுதி, மலைப்பாதையில் சாலை போடும் இடங்களின் மண், சமவெளியில் வயல் எரிக்கும் புகை எல்லாம் அந்தக் காற்றில்தான் மிதக்கின்றன.

சாலைத் தூசியின் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. சாதாரண எஃகும் வார்ப்பிரும்பும் அதற்குக் கீழே. அலுமினியம் 3-ஐக்கூட எட்டாது. சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டன் ரிங்குக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் சில மைக்ரான்கள்தான். மனிதத் தலைமுடியின் தடிமன் 70 மைக்ரானை ஒட்டியது என்றால் அந்தப் படலம் எவ்வளவு மெல்லியது என்று புரியும். ஒரு மைக்ரானுக்கும் சிறிய துகள் அந்த எண்ணெயில் மிதந்தபடி பெரும்பாலும் தீங்கின்றிக் கடந்துவிடும். படலத்தைவிடச் சற்றுப் பெரியது, அதாவது 5 முதல் 20 மைக்ரான் வரையிலான துகள், இரண்டு உலோகப் பரப்புகளையும் ஒருசேரத் தொட்டு இரண்டையும் உராய்ந்து தேய்க்கும். தேய்மானம் கூடக் கூடக் கம்ப்ரஷன் குறையும், இன்ஜின் ஆயில் எரியும், சைலன்ஸரில் நீலப்புகை வரும். இன்ஜின் ஃபில்டர் முதன்மையாகப் பிடிக்க வேண்டியது இந்த அளவுத் துகள்களைத்தான்.

சல்லடை என்ற தவறான கற்பனை

ஃபில்டர் என்றதும் நம் மனதில் வருவது சல்லடை. துளையைவிடப் பெரியது நிற்கும், சிறியது விழும். ஏர் ஃபில்டர் வேலை செய்யும் விதம் வேறு. காகித ஃபில்டரானாலும் பருத்தி ஃபில்டரானாலும் அது குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் இழைகளின் காடு. இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, பிடிபடும் துகளைவிடப் பல மடங்கு பெரியது. அப்படியிருந்தும் துகள் பிடிபடுகிறது.

ஓர் ஊர்த் தெருவின் நடுவில் மின்கம்பம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டிகள் அதைச் சுற்றி வளைந்து போக வேண்டும். வேகமாக வரும் பார லாரியால் சட்டென்று வளைய முடியாது. நேரே போய்க் கம்பத்தில் மோதும். வைக்கோல் ஏற்றிய சைக்கிள் மெதுவாக வளைந்துதான் போகிறது, ஆனால் பக்கவாட்டில் துருத்தும் வைக்கோல் கம்பத்தில் உரசிச் சிக்கிக்கொள்ளும். அங்குமிங்கும் ஓடி விளையாடும் சிறுவன் எந்தப் பாதையிலும் நிற்பதில்லை. ஓடுகிற ஓட்டத்தில் ஏதோ ஒரு கணம் கம்பத்தில் முட்டிக்கொள்வான். ஸ்கூட்டர்காரர் மட்டும் நளினமாக வளைந்து தப்பிவிடுவார்.

இழையைச் சுற்றிக் காற்று வளையும்போது தூசிக்கும் இதுவே நடக்கிறது. கனமான துகள் காற்றோடு சேர்ந்து வளைய முடியாமல் இழையில் மோதுகிறது. இதை நிலைம மோதல் எனலாம். நடுத்தரத் துகள் காற்றோடு வளைந்தாலும் தன் பருமனால் இழையைத் தொட்டு ஒட்டிக்கொள்கிறது, இது இடைமறிப்பு. மிக நுண்ணிய துகளைக் காற்றின் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமிருந்தும் இடித்து அலைக்கழிக்கின்றன. அந்தப் பிரௌனியன் அலைவில் அது இழையில் போய் விழுகிறது, இது விரவல். பெரியதும் சிக்குகிறது, மிகச் சிறியதும் சிக்குகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஓர் அளவுதான் எளிதில் தப்புகிறது.

இந்த முடிவுக்கு வழிகாட்டியவர் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மியூர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் புகையை வடிகட்டுவது பற்றி ஆராய்ந்தபோது, மிக எளிதாகத் தப்பும் துகள் 0.3 மைக்ரானை ஒட்டியது என்று கணக்கிட்டார். கொரோனா காலத்தில் நாம் அணிந்த என்95 முகக்கவசத்தை 0.3 மைக்ரான் துகள் கொண்டு சோதிப்பது, ஒரு ஃபில்டருக்கு மிகக் கடினமான தேர்வு அதுதான் என்பதால். இன்ஜினுக்கு அந்த அளவுத் துகள் பெரிய எதிரி இல்லை. எனவே முகக்கவசம் போல் நெருக்கமான ஃபில்டர் அதற்குத் தேவையில்லை.

விற்பவரின் இரட்டை வாக்குறுதி ஓரளவு எப்படிச் சாத்தியமாகிறது என்பதும் இங்கே விளங்கும். இழைகள் தள்ளித்தள்ளி இருந்தாலும், பல அடுக்காக இருந்து, அவற்றின் மேல் பிசுபிசுப்பான எண்ணெய் பூசியிருந்தால், மோதிய துகள் துள்ளித் தப்பாது. பருத்தி ஃபில்டருக்கும் ஃபோமுக்கும் எண்ணெய் இடுவது இதற்காக. எண்ணெய் இல்லாமல் காய்ந்த பருத்தி ஃபில்டரின் பிடிக்கும் திறன் குறைந்துவிடும்.

தூசியை எடை போட்டுப் பார்ப்பவர்கள்

எந்த ஃபில்டர் எவ்வளவு பிடிக்கிறது என்று எப்படித் தெரியும்? இதற்கென்று ஐஎஸ்ஓ 5011 என்ற உலகத் தரமுறை இருக்கிறது. அதற்கு முன்பு அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே726 முறை வழக்கில் இருந்தது. இரண்டிலும் அடிப்படை ஒன்றே. ஃபில்டரை ஒரு குழாயில் பொருத்திக் குறிப்பிட்ட வேகத்தில் காற்றை இழுப்பார்கள். அளந்து வைத்த தூசியைச் சீராகத் தூவுவார்கள். சோதிக்கும் ஃபில்டருக்குப் பின்னால், தப்பி வருவதை எல்லாம் பிடிக்கும் முழு வடிகட்டி ஒன்று இருக்கும். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு வரையறுத்த எல்லையைத் தொட்டதும் நிறுத்திவிட்டு, இரண்டையும் தராசில் வைப்பார்கள்.

சோதனைத் தூசிக்கும் ஒரு வரலாறு உண்டு. பல பத்தாண்டுகள் அது அமெரிக்காவின் அரிசோனா பாலைநிலத்து மண்ணிலிருந்து தயாரானது. இன்று ஐஎஸ்ஓ 12103 தரமுறை அதை நான்கு வகையாகப் பிரிக்கிறது. ஃபில்டர் விளம்பரங்களில் அதிகம் காணப்படுபவை ஏ2 என்ற மென்தூசியும் ஏ4 என்ற பருந்தூசியும்.

சோதனையிலிருந்து மூன்று அளவுகள் கிடைக்கின்றன. பிடிக்கும் திறன்: தூவிய தூசியில் எத்தனை சதவீதம் ஃபில்டரில் நின்றது. தூசிக் கொள்ளளவு: அடைத்துக்கொள்ளும் முன் எத்தனை கிராம் தாங்கியது. அழுத்த இழப்பு: காற்றுக்கு எவ்வளவு தடை கொடுத்தது. ஒரே பரப்பளவில் ஒன்றை மேம்படுத்தினால் மற்றொன்று மோசமாகும். மூன்றையும் சேர்த்து மேம்படுத்தும் நேர்வழி பரப்பைக் கூட்டுவது. காகிதத்தை விசிறி போல் மடித்து வைப்பது அதனால்தான்.

99-க்கும் 97-க்கும் நடுவே

ஃபில்டர் பெட்டியில் 99 சதவீதம் என்று ஒன்றிலும் 97 சதவீதம் என்று மற்றொன்றிலும் போட்டிருந்தால், வித்தியாசம் வெறும் 2 என்று தோன்றும். இன்ஜினின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒன்று 100 பங்கில் ஒரு பங்கை விடுகிறது, மற்றது மூன்று பங்கை விடுகிறது. இன்ஜினுக்குள் போகும் தூசி மூன்று மடங்கு.

ஒரு கடும் பயணத்தில் ஃபில்டரை நோக்கி 10 கிராம் தூசி வருகிறது என்று கணக்குக்காகக் கொள்வோம். முதல் ஃபில்டர் 0.1 கிராமை உள்ளே விடும், இரண்டாவது 0.3 கிராமை. தப்பியது எல்லாம் 10 மைக்ரான் குவார்ட்ஸ் உருண்டை என்றால், 0.1 கிராமில் சுமார் 7 கோடித் துகள்கள், 0.3 கிராமில் 21 கோடி. ஆகவே பெட்டியில் உள்ள எண்ணை 100-இலிருந்து கழித்து, மிச்சத்தை ஒப்பிடுவதுதான் சரியான முறை.

இன்னொரு நுட்பமும் உண்டு. இந்தச் சதவீதம் எடைக் கணக்கு. ஒரு 100 மைக்ரான் துகளின் எடை, ஆயிரம் 10 மைக்ரான் துகள்களின் எடைக்குச் சமம். பருந்தூசியில் சோதித்தால், எளிதில் சிக்கும் பெரிய துகள்களே எடையைத் தூக்கி நிறுத்திவிடும். அதே ஃபில்டரை மென்தூசியில் சோதித்தால் எண் இறங்கும். எந்தத் தூசியில் சோதித்தது என்று சொல்லாத சதவீதத்தை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

பொருத்தும் விதமும் இதே கணக்குக்குள் வருகிறது. 99.5 சதவீதம் பிடிக்கும் நல்ல ஃபில்டர் ஒன்று, ரப்பர் விளிம்பு சரியாக உட்காராமல், நூறில் ஒரு பங்கு காற்றை ஓரமாக விடுகிறது என்றால், உள்ளே போகும் தூசி அரைப் பங்கிலிருந்து ஒன்றரைப் பங்காகிவிடும். ஒரு மெல்லிய கசிவு, விலை உயர்ந்த ஃபில்டரை மட்டமான ஃபில்டர் ஆக்கிவிடுகிறது.

பவர் எவ்வளவு கூடும்?

இனி மறுபக்கம். காற்று தாராளமாகப் போனால் வண்டிக்கு எவ்வளவு வலு கூடும்? தமிழ்நாட்டில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டரை எடுத்துக்கொள்வோம். இன்ஜின் 648 சிசி. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அந்தக் கொள்ளளவு நிரம்பும். நிமிடத்துக்கு 7,000 சுற்றில், த்ராட்டில் முழுதாகத் திறந்தால், அது இழுக்கக்கூடிய காற்று சுமார் 2,200 லிட்டர். ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது, பெட்ரோல் செலவை வைத்துக் கணக்கிட்டால், நிமிடத்துக்கு 500 லிட்டர்தான் தேவை. கால் பங்குக்கும் குறைவு.

மீதிக் காற்றைத் தடுப்பது யார்? நம் கைதான். பாதி மூடிய த்ராட்டில் தட்டு, இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை வெளிக்காற்றைவிட வெகுவாகக் குறைத்து வைத்திருக்கிறது. அதற்கு முன்னால் ஃபில்டர் கொடுக்கும் தடை மிகச் சிறியது. புது ஃபில்டர் கொஞ்சம் தடையைக் குறைத்தால், ஓட்டுபவர் அதே வேகத்துக்குத் த்ராட்டிலைத் துளி குறைவாகத் திருகுவார். அவ்வளவுதான் மாற்றம்.

முழுத் த்ராட்டிலில் மாற்றம் உண்டு, ஆனால் சிறிது. கார் ஃபில்டர் சோதனைகளில் அழுத்த இழப்பு தொடக்க அளவைவிட 2.5 கிலோபாஸ்கல் கூடினால் ஃபில்டர் அடைத்துவிட்டது என்று கொள்வது ஒரு வழக்கம். வளிமண்டல அழுத்தம் 101 கிலோபாஸ்கல். அடைத்துப்போன ஃபில்டரே திருடுவது நூறில் இரண்டு, மூன்று பங்குதான். சுத்தமான கம்பெனி ஃபில்டரை மாற்றினால் கிடைக்கும் ஆதாயம் அதைவிடக் குறைவு. லடாக்கின் கர்துங் லா கணவாயின் 5,359 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தின் பாதியாகிவிடுகிறது. அங்கே வண்டி திணறுவதை எந்த ஃபில்டராலும் சரிசெய்ய முடியாது.

மைலேஜ் கூடுமா? கார்புரேட்டர் காலத்தில், அடைத்த ஃபில்டர் கலவையில் பெட்ரோலைக் கூட்டிவிடும். வண்டி பெட்ரோல் குடிக்கும். அன்றைய மெக்கானிக்குகள் சொன்னது சரி. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில், சைலன்ஸர் குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார், எரிந்து வரும் புகையைப் பார்த்துக் கலவையைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதைச் சோதித்தது. ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துக் கார்களை ஓட்டிப் பார்த்தபோது, இன்ஜெக்‌ஷன் கார்களின் மைலேஜில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை, வேகமெடுப்பதுதான் மந்தமானது. 1970-களைச் சேர்ந்த கார்புரேட்டர் காரில் மட்டும் மைலேஜ் சற்றுக் குறைந்தது. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 மாசு விதிக்குப் பிறகு இந்தியாவில் விற்கும் புது டூரிங் பைக்குகள் எல்லாம் ஆக்ஸிஜன் சென்சார் வைத்தவை. ஃபில்டரை மாற்றி மைலேஜைக் கூட்டலாம் என்ற நம்பிக்கைக்கு அவற்றில் இடமில்லை.

பெட்டியும் ஒரு கருவி

சிலர் ஃபில்டர் உட்காரும் ஏர்பாக்ஸ் என்ற பெட்டியையே கழற்றிவிட்டு, கூம்பு வடிவ ஃபில்டரை நேராக த்ராட்டில் வாயில் மாட்டுகிறார்கள். மோட்டார் சைக்கிள் இன்ஜின் காற்றைச் சீராக இழுப்பதில்லை, விட்டுவிட்டு விழுங்குகிறது. ஒவ்வொரு விழுங்கலுக்கும் கையிருப்பாகக் காற்றை வைத்திருப்பது அந்தப் பெட்டி. அதன் கொள்ளளவையும் மூக்குக் குழாயின் நீளத்தையும் பொறுத்து அதற்கென்று ஓர் ஒத்ததிர்வு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இயற்பியலாளர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கிய அந்த அதிர்வைப் பயன்படுத்தி, நடுத்தரச் சுற்றுகளில் சிலிண்டர் நன்றாக நிரம்புமாறு பொறியாளர்கள் பெட்டியை அமைக்கிறார்கள். டூரிங்கில் நாம் நாள் முழுதும் ஓட்டுவது அந்தச் சுற்றுகளில்தான்.

பெட்டி போனால் இன்ஜின் தன் சூட்டில் காய்ந்த காற்றையே இழுக்கும். காற்றின் வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். ஃபில்டரில் மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும். உறுமல் மட்டும் கூடும். அந்தச் சத்தத்தை வலு என்று காது எடுத்துக்கொள்கிறது. மழையில் தண்ணீரும் நேராக ஃபில்டரை நனைக்கும்.

இன்ஜினின் அடிப்பகுதியிலிருந்து வரும் எண்ணெய் ஆவியை ஏற்பதும் ஏர்பாக்ஸின் பொறுப்பு. ஹார்லி-டேவிட்சன் டூரிங் வண்டிகளில் ஏர் கிளீனர் வலப்பக்கம் வெளியே தெரியும்படி நிற்கிறது. சிலிண்டர் ஹெட்டிலிருந்து வரும் ஆவி அதற்குள்தான் திறக்கிறது. இத்தகைய வண்டிக்கு வெளியில் வாங்கும் கிட்டில் அந்த ஆவிக்குச் சரியான வழி இல்லாவிட்டால், ஃபில்டர் எண்ணெயில் ஊறிக் காற்றுக்கே தடையாகும்.

எதை வாங்குவது?

நெடும்பயணத்துக்கு ஃபில்டர் தேர்பவர் முதலில் கேட்க வேண்டியது, எவ்வளவு தூசியை விடுகிறது என்பது. அடுத்தது கொள்ளளவு, அதற்கடுத்து விளிம்பின் பொருத்தம். காற்றோட்டம் கடைசி. கம்பெனி ஏர்பாக்ஸுக்குள் அப்படியே உட்காரும் ஃபில்டரையே தேடுங்கள்.

தார்ச்சாலையில் போகிற பெரும்பாலோருக்குக் காகித ஃபில்டர் போதும். விலை குறைவு, மாற்று ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் வழியில் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். அடிக்கடி மண்பாதையில் இறங்குபவர்களுக்கு எண்ணெய் ஃபோம் நல்லது. தூசியை ஆழமாகத் தாங்கும், கழுவிப் பிழிந்து எண்ணெய் இட்டுத் திரும்பப் போடலாம். பருத்தி ஃபில்டர் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் கழுவி, நிழலில் முழுதாகக் காயவிட்டு, அளவாக எண்ணெய் இடும் பொறுமை உள்ளவருக்கே அது தகும். பயணத்தின் நடுவே லாட்ஜ் அறையில் அதைச் செய்வது கடினம்.

பராமரிப்பில் ஓர் எச்சரிக்கை. இழைகளில் படிந்த தூசியே அடுத்து வரும் தூசியைப் பிடிக்க உதவுகிறது. அதனால் கொஞ்சம் அழுக்கான ஃபில்டர் புத்தம் புதியதைவிட நன்றாகப் பிடிக்கும். வாரந்தோறும் கழற்றித் தட்டுவதால் நன்மையில்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தூசி உள்ளே விழும் வாய்ப்புதான் கூடும். கம்ப்ரஸர் காற்றை அழுத்தமாக அடித்தால் காகித இழைகள் கிழியும். பல இந்திய பைக்குகளில் வரும் எண்ணெய்ப் பிசுக்குள்ள விஸ்கஸ் காகித ஃபில்டரைக் கழுவவும் கூடாது, ஊதவும் கூடாது. மாற்ற மட்டும் வேண்டும்.

உங்கள் ஃபில்டர் உண்மையில் வேலை செய்கிறதா என்பதை நீங்களே சோதிக்கலாம். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின், ஃபில்டரைக் கழற்றி, த்ராட்டில் பக்கமுள்ள சுத்தமான குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மண் நிறம் தெரிந்தால், ஃபில்டரோ விளிம்போ தோற்றுவிட்டது. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், மாற்றிய இன்ஜின் ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சிலிக்கான் அளவைக் கேட்கலாம். அது ஏறுமுகமாக இருந்தால் உள்ளே மண் போகிறது என்று அறிய வேண்டும்.

சோதனைத் தூசியின் வகை, அதில் பிடித்த சதவீதம். பெட்டியில் இந்த இரண்டும் எழுதியிராத ஃபில்டரை, யார் எவ்வளவு புகழ்ந்தாலும், வாங்காதீர்கள்.